இடம் தெரியாத தவளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டுகளைப் பேனாவில் எழுதியது நான். லூர்துமேரி அல்ல.

விலங்கியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டில் பிடித்த தவளையை ஸ்பிரிட்டில் போடும் முன்பு அதன் காலில் ஒரு சின்னச் சீட்டை நூலால் கட்டுவோம். எந்த ஓடை, என்ன தேதி, யார் பிடித்தது என்று அதில் இருக்கும். பென்சிலில்தான் எழுத வேண்டும். பென்சில் எழுத்தை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது, பேனா மையைக் கரைத்துவிடும். முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம் இது. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இன்று என் மாணவர்களுக்கு நானே இதைச் சொல்லித்தருகிறேன், அதுவும் முகம் மாறாமல்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு நானும் என்னோடு படித்த லூர்துவும் எம்.பில். ஆய்வுக்காகச் சித்தேரி மலையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் திரிந்தோம். தர்மபுரி மாவட்டத்தில் மழைக்காடா என்று நீலகிரிப் பக்கத்து ஆய்வாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஓடைகள் பிறக்கும் மலை மடிப்புகளில், வெயில் தரையைத் தொடாத சில துண்டுக் காடுகள் இருக்கின்றன. மரமெல்லாம் பாசி, காலடியில் மக்கிய இலை, எந்நேரமும் சொட்டுகிற ஈரம். எங்கள் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ரெயின்கோட். ஆளுக்கு ஒரு நாள் என்று பேசிக்கொண்டு, தினமும் இருவருமே நனைந்தோம். அந்த மூன்று மாதங்களைப் போல நான் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணம், வேலை, சொந்த வீடு எல்லாம் வந்த பிறகும் இதையேதான் சொல்கிறேன்.

அந்தத் தவளையைப் பார்த்தது லூர்துதான். கட்டைவிரல் நகத்தின் அளவு. காய்ந்த இலையின் நிறத்தில் முதுகு. அது கத்தும்போதுதான் இருப்பதே தெரியும். டிக், டிக் என்று கடிகாரம் போலச் சத்தம். கத்தும்போது தொண்டை உப்பி உடம்பை விடப் பெரிதாகிவிடும். லூர்து நாக்கால் அதே சத்தத்தை எழுப்புவாள், ஆண் தவளைகள் ஏமாந்து பதில் சொல்லும். அன்று மூன்று ஓடைகளில் மூன்று சின்னத் தவளைகளைப் பிடித்தோம். சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. சீட்டு எழுதுவது அவள் வேலை. அவள் சுருண்டு படுத்துவிட்டதால் நான் எழுதினேன். பென்சில் முனை உடைந்திருந்தது. சீவுகிற கருவி பையின் அடியில் எங்கோ கிடந்தது. சட்டைப்பையில் பேனா இருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அடுத்த நாளே மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பேராசிரியர் பாட்டிலைத் திறந்தார். மூன்று சீட்டும் வெள்ளை. தவளைகளும் நிறம் வெளுத்து ஒன்றுபோலக் கிடந்தன. எது எந்த ஓடையில் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

“இடம் தெரியாத தவளை வெறும் பிணம்” என்றார் அவர். “சீட்டு யார் வேலை?”

“என்னுதுங்க சார்” என்றாள் லூர்து. “காய்ச்சல்ல என்ன எழுதுனேன்னே ஞாபகம் இல்லீங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. கவனமில்லாத கைக்கு ஆராய்ச்சி எதற்கு என்று அவர் கேட்டார். அடுத்த மாதம் அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். எனக்குப் பட்டம் கிடைத்தது.

போன மாதம் பெங்களூரிலிருந்து அருண்குமார் என்ற ஆய்வாளர் போன் செய்தார். பழைய பாட்டிலில் இருந்த ஒரு தவளையைச் சோதித்துப் பார்த்தாராம். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்றார். உயிரோடு பார்த்தால்தான் உறுதியாகும், எந்த ஓடை மேடம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காட்டில் எப்போதும் லூர்துதான் முன்னால் நடப்பாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவள்.

அவள் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ரேஷன் கடையில் வேலை செய்கிறாள். போன் செய்தபோது, “வெள்ளிக்கிழமை கடை லீவு, வா” என்று மட்டும் சொன்னாள். அவளோடு பஸ்ஸில் மலை ஏறும்போது இன்று சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அடுத்த வளைவில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவளோ பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு முறை, “என்னால உனக்கும் கெட்ட பேரு அப்ப” என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு அங்கேயே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

முதல் ஓடைக் காட்டை வெட்டிக் காப்பிச் செடி போட்டிருந்தார்கள். இரண்டாவது வறண்டிருந்தது. மூன்றாவதற்குப் போகும்போது மணி மூன்று, நல்ல தூறல். அந்தத் துண்டுக் காடு அப்படியே இருந்தது. லூர்து நின்று நாக்கால் டிக், டிக் என்றாள். பதில் இல்லை. மறுபடி செய்தாள். இடுப்பு உயரப் புதரிலிருந்து மெல்லிசாக ஒரு டிக்.

அவள் குனிந்து, இலையோடு சேர்த்து அதைக் கையில் ஏந்தினாள். பிறகு, நேற்றுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

“நீளம் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். முதுகு பழுப்பு, நடுவுல பெருக்கல் குறி. விரல் நுனியெல்லாம் வட்டத் தட்டு. தொடை உள்பக்கம் கறுப்பு, அதுல மஞ்சப் புள்ளி. கண்ணு பொன் நிறம். இங்க பாரு, இதான் ஸ்பிரிட்டுல போயிடும்.” அவள் கால் விரலால் மக்கிய இலைகளை ஒதுக்கினாள். அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய முட்டைகள், கண்ணாடி போல. உள்ளே குட்டித் தவளைகள் சுருண்டிருந்தன. “தலைப்பிரட்டையே கெடையாது இதுக்கு. தண்ணிக்கே போவாது. முட்டையிலருந்து நேரா தவளைதான். ஈரம் மட்டும் இருந்தாப் போதும். ஒரு வாரம் காஞ்சா அத்தனையும் செத்துரும்.”

எத்தனை சரியாகச் சொல்கிறாள். என் வகுப்பில் இருபது வருடங்களில் ஒரு பிள்ளையும் இப்படிப் பார்த்துச் சொன்னதில்லை.

“லூர்து, அந்தச் சீட்ட நீ எழுதல. நான்தான் எழுதுனேன். பேனாவுல. நீ தூங்கிட்டிருந்த.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தாவு தாவிப் புதருக்குள் போனது.

“சார் கேட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன?”

“ஆமா.”

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி, எழுதிக்க” என்று ஓடையின் பெயர், வழி, திரும்ப வேண்டிய பாறை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். நான் எழுதினேன். முடிந்ததும், “யாரு கண்டுபுடிச்சதுன்னும் எழுது” என்றாள். அதையும் எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அடிவாரம் தாண்டியதும், திரும்பாமலே பேசினாள்.

“எம்பொண்ணு பூவிழி பத்தாவது முடிச்சதும் பயாலஜி எடுக்கறன்னு நின்னா. பூச்சி, புழு எல்லாத்தையும் இப்படித்தான் உத்து உத்துப் பாப்பா. நான்தான் வேண்டான்னுட்டேன். நம்மளுது கவனமில்லாத கை, நமக்கு அது ஒத்துவராதுன்னு. ரெண்டு நாள் சாப்பிடாம அழுதா. இப்ப பி.காம் ரெண்டாவது வருசம்.”

நான் முன்னால் சாய்ந்து அவள் சீட்டின் கம்பியைப் பிடித்தேன்.

“என்கிட்ட சொன்னது போதாது” என்றாள் அவள். “அவ இந்நேரம் வூட்டுலதான் இருப்பா.”

எனக்கு டிக்கெட் தர்மபுரி வரை இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் இறங்கினாள். நானும் எழுந்து அவள் பின்னால் இறங்கினேன்.