அவசரம் என்று வந்தால் நம்பாதே

கரடியாய்க் கத்தினாலும் அந்தக் கண் மருத்துவமனையில் ஒருவர் காதிலும் ஏறாது. கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கிறவருக்கு அவர்கள் வைத்த பெயர் பூட்டு. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைக்கிற கூட்டத்துக்குக் கேலிக்கு மட்டும் குறைச்சலில்லை!

போன மாதம் சோதித்துப் பார்ப்போமே என்று, ‘லீவு நாட்கள் மாறிவிட்டன, உடனே பார்க்கவும்’ என்று பொய் மெயில் ஒன்றை அவரே அனுப்பினார். நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் அதிலிருந்த லிங்க்கை அமுக்கினார்கள். முதலில் அமுக்கியது ரிசப்ஷனில் இருக்கும் அவருடைய மச்சினி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். மானம் போயிற்று.

“இன்னொரு தடவை இப்படி நடந்தா, அந்தப் பொண்ணை வேற வேலை பார்த்துக்கச் சொல்லிடுங்க” என்றார் பெரிய டாக்டர்.

அன்றிலிருந்து மூச்சுக்கு முந்நூறு தடவை அவளுக்குப் பாடம் நடந்தது. “அவசரம்னு வந்தா நம்பாத. அதைச் செய், இதைச் செய்னு வந்தா நம்பாத. என் பேர்லயே வந்தாலும் நம்பாத. அழிச்சிட்டுப் போய்க்கிட்டே இரு. சும்மா சும்மா எனக்குப் போன் போடாத.”

இன்று காலை பதினோரு மணிக்கு, மருந்துக் கவுண்டரில் யாரோ வீட்டுப் பென்டிரைவைச் செருகித் தொலைத்தார்கள். வைரஸ் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தாவியது. பூட்டுக்குக் கைகால் ஓடவில்லை. ‘அவசரம்!!! எல்லாரும் உடனே கேபிளைப் பிடுங்குங்கள்!!!’ என்று எல்லாருக்கும் மெயில் தட்டிவிட்டு, நோயாளிகளின் படங்கள் இருந்த சர்வரை முதலில் துண்டித்தார். அது பிழைத்தது.

வெளியே ஓடிவந்து பார்த்தால், ஒரு ஜீவன் கேபிளைத் தொடவில்லை! மாடி மாடியாக அவரே ஓடிப் பிடுங்கினார். கடைசியாக ரிசப்ஷனுக்கு வந்தபோது வாயில் நுரை தள்ளாத குறை.

“மெயில் பார்க்கலையா நீ?”

மச்சினி முகமெல்லாம் சிரிப்பு. “என்னையா ஏமாத்தப் பாக்குறீங்க மாமா? அவசரம்னு போட்டு ஆறு ஆச்சரியக்குறி வேற. உடனே அழிச்சிட்டேன். மாமா டெஸ்ட் வெச்சிருக்கார், யாரும் மாட்டிக்காதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்!”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, திரை சிவப்பானது. ஒரு மாத அப்பாயின்ட்மென்ட் அத்தனையும் போய்விட்டது. பூட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் படியிறங்கி வந்தார். “யாரு கேபிளைப் பிடுங்க வேணாம்னு சொன்னது?”

மச்சினிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளைப் பார்த்தார் பூட்டு. எரிச்சல் எரிச்சலாக வந்தது, அவள் மேல் அல்ல.

“நான்தான் டாக்டர். ஒரு மாசமா சொல்லிச் சொல்லிப் பழக்கிவெச்சேன். இவ நான் சொன்னதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்கா.”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க. நீங்க மட்டும்.”

அவர் போனதும் மச்சினி மூக்கை உறிஞ்சினாள். “மாமா, அப்ப இந்தத் தடவை நான் பாஸா?”

“பாஸுதான் தாயே” என்று மேஜைக்கடியில் குனிந்து கேபிளைப் பிடுங்கினார் பூட்டு. “ஃபெயிலானது நான்.”