கயூஸ் தெரிந்த குதிரை

அழிந்துவரும் மொழிகளை எழுதிக்கொள்ளப் பேராசிரியர் வந்த நான்காம் நாளே என் கணவர் சைலஸ், கயூஸ் மொழி பேசும் கடைசி மனிதராகிவிட்டார். அதற்கு முந்தின வாரம்வரை, எங்கள் செவ்விந்தியக் குடியிருப்பான யூமட்டிலாவில் எல்லாரையும் போல அவரும் நெஸ் பெர்ஸ் மொழிதான் பேசிக்கொண்டிருந்தார். அதையே கொஞ்சம் மூக்கால் பேசினால் கயூஸ் ஆகிவிடும் என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார். பேராசிரியர் இரண்டு நோட்டுகளை நிரப்பிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாலா வாலாக்காரி, வேறு இனத்திலிருந்து வந்த மருமகள். அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காமலே காலம் தள்ளியவள்.

உண்மையில் கயூஸ் பேசியது என் மாமியார் ஒருவர்தான். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது அவர் பழக்கிய சாம்பல் நிறப் பெண்குதிரை. காமாஸ் கிழங்கு தோண்ட மலைக்குப் போகும்போதெல்லாம் என்னைச் சுமப்பது அதுதான்.

அந்த வாரம் டப்பா இறைச்சி ஆலைக்காரர்கள் மேய்ச்சல் குதிரைகளை வளைத்துப் பட்டியில் அடைத்தார்கள். சாம்பலும் உள்ளே. அதற்குச் சூட்டுக்குறி போட மாமியார் கடைசிவரை விடவில்லை. குறியில்லாத குதிரைக்குச் சொந்தக்காரன் கிடையாது என்றான் பட்டிக்காரன். கூப்பிட்டு அது வந்தால் கூட்டிப் போகலாம், இல்லாவிட்டால் சாயங்கால ரயிலில் ஆலைக்கு.

சைலஸ் வேலிமேல் ஏறி நின்று மூக்கால் கூப்பிட்டார். கீழே பேராசிரியர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். இருநூறு குதிரைகளில் ஒன்றுகூடக் காதை அசைக்கவில்லை.

"கயூஸ்லதான கூப்பிடுறீங்க?" என்றேன்.

"அதுக்குக் காது மந்தம்டி."

"உங்கம்மா போனப்புறம் மந்தமாயிடுச்சாக்கும்."

நானே ஏறினேன். தினமும் விடிந்ததும் மாமியார் வாசலில் நின்று கத்தும் வாக்கியம் ஒன்று உண்டு. அதன் அர்த்தத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவருடைய குரலில், அதே வெறுப்போடு கத்தினேன்.

மந்தையைப் பிளந்துகொண்டு சாம்பல் வந்தது. வேலியருகே தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நானும் அப்படித்தான் நிற்பேன்.

பேராசிரியர் புதுப் பக்கத்தைப் புரட்டினார். "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாதுங்க. எங்க மாமியார் என்னையும் இதையும் இப்படித்தான் கூப்பிடுவாங்க."

சைலஸ் அவசரமாகக் குறுக்கிட்டார். "'என் கண்ணு'ன்னு அர்த்தம், சார்."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். நான் சாம்பலின் கழுத்தில் கயிற்றை மாட்டினேன். அர்த்தம் அதற்குத் தெரியும். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.