அன்னவாசல் வரைக்கும்

பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தால் ஜாஸ்பின் டீச்சருக்குக் குமட்டும். அதனால் புதுக்கோட்டையில் காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பும் அந்தத் தனியார் பஸ்ஸில், டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் முதல் சீட்டில்தான் வழக்கமாக உட்காருவாள். இலுப்பூரைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். டிரைவர் ஐயனாரை நாலு வருடமாகப் பார்க்கிறாள். ஜெகதாப்பட்டினத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான். ஹாரன்கூட அளவாகத்தான் அடிப்பான்.

அன்றைக்குப் பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை போனில் பேசிவிட்டான்.

நாலாவது தடவை தலையைச் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினான். எதிரே டிப்பர் லாரி வந்தது. அதற்கு முன்னால் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி, பின்சீட்டில் இரண்டு பால் கேன். பஸ் மெல்ல வலப்பக்கம் ஏறிக்கொண்டிருந்ததை ஐயனார் கவனிக்கவில்லை.

"டிரைவர்!" என்று கத்தினாள் ஜாஸ்பின்.

அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். நின்றுகொண்டு வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். பால்காரர் மண்ணில் இறங்கித் தடுமாறி நின்றுவிட்டது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அடிபடவில்லை.

"ஒங்க போனுக்கு நாங்க அறுபது பேரு சாகணுமா?" என்றாள்.

ஐயனார் போனைப் பக்கத்து இன்ஜின் பேனட் மேல் போட்டான். அது உடனே மறுபடி அடித்தது. அவன் கை தானாக அதை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!"

கண்டக்டர் குணசேகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "டீச்சர், கொஞ்சம் பொறுத்துக்கங்க. அவன் தம்பி விக்ரம் கடலுக்குப் போனவன் இன்னும் வரல. நேத்துக் காலையிலயே கரைக்கு வந்திருக்கணும். மாத்து டிரைவர் கேட்டோம், ஆள் இல்லைன்னுட்டாங்க."

ஜாஸ்பினுக்குப் பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, "பாவம், பேசட்டும். கூடப்பொறந்தவன்ல?" என்றார். கம்பியைப் பிடித்து நின்ற நாகராசு, அன்னவாசலில் உரக்கடை வைத்திருப்பவர், "பாவந்தான். அதுக்காக? வண்டி ஓட்டுறவன் போனைத் தொடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. எம்பேத்தி இந்த வண்டியில நிக்குது" என்றார்.

"சட்டம் போட்டவனுக்குத் தம்பி காணாமப் போயிருக்கானா?" என்று ஐயனார் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். குரல் உடைந்திருந்தது. "இலங்கை நேவி புடிச்சிட்டுப் போயிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. ஜெயில்லயாவது உசுரோட இருப்பான். புடிச்ச லிஸ்ட்ல பேரும் இல்லைங்கிறாங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜாஸ்பின் எட்டி அதை எடுத்தாள்.

"நான் பேசிச் சொல்றேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

"நல்லதோ கெட்டதோ ஒடனே சொல்லணும். மறைக்கக் கூடாது."

"சொல்றேன்."

அழைத்தது விக்ரமின் மனைவி செவந்தி. ஏதாவது தெரிந்ததா என்று அவள்தான் இங்கே கேட்டாள். ஜாஸ்பின் இன்னும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். அதை ஐயனாரிடம் அப்படியே சொன்னாள். அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் பஸ் நேராக ஓடியது. குணசேகரன் டிக்கெட் போடப் பின்னால் போனார்.

அடுத்த அழைப்பு வந்தபோது பஸ் கண்மாய்க் கரைமேல் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் பள்ளம். பின்னால் இன்னொரு டிப்பர் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஜெரால்டு பேசுறேன், ஐஸ் பிளான்ட்ல இருந்து" என்றது போன். மூச்சு வாங்கும் குரல். அவள் யாரென்று சொல்வதற்குள் அவன் கொட்டிவிட்டான். "தம்பி போன போட்டு கவுந்து கெடந்துச்சாம்ணே. ரெண்டு பேரைக் கோட்டைப்பட்டினம் போட்டுக்காரங்க தூக்கிட்டாங்க. விக்ரம் அதுல இல்லண்ணே. நீங்க கெளம்பி வாங்க."

ஜாஸ்பின் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். மறுமுனை வைத்துவிட்ட பிறகும் வைத்திருந்தாள்.

"யாரு? என்ன சொன்னாங்க?"

கண்ணாடியில் அவன் கண்கள் அவளையே பார்த்தன. அந்தக் கண்கள் ரோட்டில் இல்லை.

"டவர் இல்ல" என்றாள். "ஒண்ணும் கேக்கல."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் இந்தக் கரைமேல் அவன் கை என்ன செய்யும்? நிப்பாட்டுங்க என்றால் அதுவே சொன்ன மாதிரிதான். திரும்பிப் பார்த்தாள். குணசேகரன் கடைசி வரிசையில் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். கை காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஓரம் கட்டுங்க."

"இதுல எங்கிட்டு டீச்சர் ஓரம் கட்டுறது? பின்னால லாரி ஒட்டிக்கிட்டு வருது பாருங்க. அன்னவாசல் ரெண்டு கிலோமீட்டர்தான், பொறுத்துக்கங்க."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரை முடிவதற்கு முன்னால் போன் மறுபடி அதிர்ந்தது. திரையில் செவந்தி.

"எடுங்க" என்றான்.

எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான் என்று எடுத்தாள். மறுமுனையிலிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. காதோடு அமுக்கியும் அது வெளியே கேட்டது. பின்சீட்டு அம்மா, "ஐயோ" என்றார்.

ஐயனார் இடக்கையை நீட்டினான். "குடுங்க."

"மொதல்ல நிப்பாட்டுங்க."

"குடுங்கங்கிறேன்ல!"

அவன் சீட்டிலிருந்து எழும்பிச் சாய்ந்தான். பஸ் இடப்பக்கம் இழுத்தது. முன்சக்கரம் மண்ணில் இறங்கும் சத்தம், பிள்ளைகளின் அலறல். ஜாஸ்பின் போனைப் பைக்குள் திணித்து அதன்மேல் குனிந்து படுத்துக்கொண்டாள். நாகராசு பாய்ந்து வந்து அவன் தோளை அழுத்திப் பிடித்தார். "ரோட்டப் பாருடா! ரோட்டப் பாரு!"

ஐயனார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். சக்கரம் தாரில் ஏறியது. கரை முடிந்து சமதரை வந்ததும் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அவன் அவளைப் பார்த்தான்.

"தம்பி இருக்கானா, இல்லையா?"

"தெரியல. படகு கவுந்திருக்கு. ரெண்டு பேரு கெடைச்சிட்டாங்க. அவர இன்னும் தேடுறாங்க." போனை எடுத்து நீட்டினாள். "அப்பவே சொன்னாங்க. நாந்தான் மறைச்சேன்."

"சொல்றேன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இறங்கிப்போய் ஒரு வேலிக்கருவைப் புதர் ஓரம் உட்கார்ந்து போனில் பேசினான். பஸ்ஸில் யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பின்னால் வந்த அரசுப் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திக் குணசேகரன் எல்லோரையும் ஏற்றிவிட்டார். நாகராசு ஏறவில்லை. யாரோ ஒருவரின் பைக்கை வாங்கி ஐயனாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் திருப்பினார்.

பள்ளியில் முதல் பீரியடில் ஜாஸ்பின் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் மூன்று மணிக்குக் குணசேகரன் போன் செய்தார். விக்ரமைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். தோலெல்லாம் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பேசுகிறான். அவள் ஸ்டாஃப் ரூம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

ஒன்பது நாள் கழித்து ஐயனார் வேலைக்கு வந்தான். அவள் ஏறியபோது வணக்கம் சொன்னான். அன்னவாசலில் கூட்டம் இறங்கிய பிறகுதான் பேசினான்.

"அந்தக் கரை முடியற வரைக்கும் என் தம்பி செத்தானா பொழச்சானான்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியல. அத நெனச்சாத்தான் இன்னும் மனசு ஆறமாட்டேங்குது" என்றான்.

"எனக்கும் முழுசாத் தெரியாது டிரைவர்."

"திரும்ப அப்படி ஒண்ணு வந்தா?"

அவள் யோசித்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லலாம்தான்.

"அப்பவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஐயனார் ரோட்டைப் பார்த்தான். குணசேகரன் விசில் அடித்தார். அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.