முதல் டியூப்

சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி. அதனால் என் தங்கையின் பனிக்குட நீரை என்னோடு வேலை பார்க்கும் மௌனசாமி பரிசோதித்தான். அது நாங்கள் வைத்த பெயர். கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டான்.

ஆறு மாதக் கர்ப்பிணியான அவளுக்கு வைரஸ் காய்ச்சல், இன்னும் முழுசாக விடவில்லை. கிருமி குழந்தை வரை போயிருந்தால், உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது சுரக்கும் சில புரதங்கள் அந்த நீரில் ஏறும். அவற்றை அளப்பதுதான் வருடக்கணக்காக என் பிழைப்பு. அடுத்த வீட்டுக் குழந்தையாக இருந்தவரை எனக்கு அது வெறும் எண்தான்.

"மூணு புரதமும் ஏறியிருக்கு" என்று மதியம் வந்து சொன்னான்.

தங்கை போன் செய்தாள், எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வது? பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அவன் கையிலிருந்த டியூபைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே தெளிந்த நீர், அடியில் கடுகளவு சிவப்பு.

"மெஷின்ல சுத்த விடறதுக்கு முன்னாடி நிறத்தைப் பாத்தியா?"

"இல்ல. வெளிய எடுக்கறப்ப தெளிவாத்தான் இருந்துச்சு."

"சுத்தினா தெளியத்தானே செய்யும்! எத்தனாவது டியூப் இது?"

"முதல்..."

ஊசி தாயின் வயிற்றைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. முதலில் வரும் நீரில் அவள் ரத்தம் கலந்துவிடலாம். அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத்தான் அளப்போம். இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். காய்ச்சல்காரியின் ரத்தத்திலிருந்த அதே புரதங்களோ மேலே நீரிலேயே நிற்கும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் இரண்டாவது டியூபை எடுத்து, வெள்ளைத்தாள் முன்னால் பிடித்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் சுழலவிட்டான்.

மூன்று எண்களும் இறங்கி வந்தன. மறுநாள், நீரில் வைரஸும் இல்லை என்று முடிவு வந்தது. இருந்தாலும் ஸ்கேனில் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் தங்கையைக் கூப்பிட எனக்குத் தைரியம் வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்போ ஏறியிருந்ததெல்லாம் என் ரத்தத்துல இருந்தது, அப்படித்தானேக்கா?"

"ஆமாடி. சண்டை உன் உடம்புலதான் நடக்குது."

போன் எடுக்காததற்கு இப்போது திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நடக்கட்டும்" என்றாள். "எங்கிட்டயே நடக்கட்டும்க்கா."