பாலம் சொன்ன பதில்

கோலினின் புள்ளி பச்சையாகத்தான் இருந்தது.

"நல்லாப் பார்த்துச் சொல்லு கண்ணு," என்றாள் தொலைபேசியில் ரேலீன். கூராலி ஆட்டுப்பண்ணைக்காரி. கோலினின் மனைவி. "சாப்பாட்டுக்கு வரல. கறி காய்ஞ்சு செருப்புத் தோலாயிடுச்சு."

நோரா திரையைப் பெரிதாக்கினாள். "பச்சைதாங்க. ஒன்பதாம் மைல் கிணத்துகிட்ட நிக்கறாரு."

"அங்க என்ன புடுங்கறான்? காலையில சண்டை. நாய் கட்டில்ல ஏறிப் படுக்குது. 'நானா நாயா, ஒண்ணைச் சொல்லு'ன்னேன். யோசிக்கிறான் கண்ணு! நின்னு நிதானமா யோசிக்கிறான்!"

நோரா சிரித்துவிட்டாள். "அப்ப கோவத்துல உக்காந்திருப்பாரு."

"வண்டியை எடுத்துட்டுப் போய்ப் பார்க்கட்டுமா? ஒரு மணி நேரம் ஆகும்."

"இந்த வெயில்லயா? பச்சைன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

"அதானே! பட்டினி கிடக்கட்டும்."

ரேலீன் வைத்துவிட்டாள். மணி ஒன்றேகால்.

பாலைவன ஓர ஊரான போர்ட் அகஸ்டாவில், டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் கம்பெனி. தனியாக வேலை செய்யும் பண்ணைக்காரர்களின் பைக்குகளில் ஒரு சின்னப் பெட்டி பொருத்துவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தப் பெட்டி அலுவலகத்துக்கு 'இருக்கேன்' என்று சொல்லும். சொல்லாவிட்டால் புள்ளி சிவக்கும், சைரன் அலறும், நோரா அந்த வீட்டுக்கு போன் போடுவாள். நாலு சக்கர பைக் கவிழ்ந்து அடியில் சிக்கியவன் கூப்பிட்டால் கேட்க, சுற்றுவட்டாரத்தில் ஆடுகளைத் தவிர யாரும் கிடையாது.

இப்போது பழைய சிக்னல் கோபுரங்களை மூடுகிறார்கள். இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் முறையான புரோட்டோகாலும் மாறுகிறது. புது முறையில் பெட்டி தானாகப் பேசாது. அலுவலகம் 'இருக்கியா?' என்று கேட்கும், பெட்டி உடனே பதில் சொல்ல வேண்டும். பெட்டிகளுக்குள் இருக்கும் மென்பொருளை நோரா ஒவ்வொன்றாகப் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தொலைதூரப் பெட்டிகளுக்கு மாற்றம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவற்றுக்காக நடுவில் ஒரு பாலம் எழுதியிருந்தாள். பழைய பாஷையில் கேட்டு, புது பாஷையில் சொல்லும் மொழிபெயர்ப்பாளன்.

பழைய பெட்டிகள் மந்தம். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் சைரன் அலறிவிடும். போன வாரம் முழுக்கப் பொய் அலறல்கள்.

"நேத்து ஒருத்தன் போன்ல என் அம்மா வரைக்கும் விசாரிச்சான்," என்றான் முதலாளி டெஸ்மண்ட். "எங்கம்மா செத்து வருஷமாச்சு. அவளை ஏன் எழுப்பறே? ஏதாவது பண்ணு."

நோரா பண்ணினாள், பாலத்தில் ஒரு வரி சேர்த்து. ஒருமுறை பதில் தாமதமானால், பெட்டியின் சார்பில் பாலமே உடனுக்குடன் 'இருக்கேன்' என்று சொல்லிவிடும். கடைசியாகத் தெரிந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லும். பெட்டியின் நிஜப் பதில் பின்னாலேயே வந்துவிடத்தானே போகிறது? அந்த வரிக்குப் பக்கத்தில் 'தற்காலிகம், எடுக்கணும்' என்று குறித்தும் வைத்தாள். அந்தத் தொழிலில் எல்லோரும் எழுதுகிற குறிப்பு. யாரும் எடுப்பதில்லை.

சைரன் ஓய்ந்தது. டெஸ்மண்ட் கேக் வாங்கி வந்தான்.

ரேலீன் பேசிய பிறகு, மூன்று மணி வாக்கில்தான் அவள் அதைக் கவனித்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகே, பதில் வர எடுத்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பண்ணைக்கே இரண்டு நொடி. கோலினுக்குப் பூஜ்யம்.

மறுபடி பார்த்தாள். பூஜ்யம்.

மலைகளைத் தாண்டி இருக்கிற பைக், கேள்வி கிளம்பும் முன்பே பதில் சொல்கிறது!

பாலத்தின் உள்ளே நுழைந்து தேடினாள். கோலினின் பெட்டி கடைசியாகத் தன் வாயால் பேசியது காலை ஒன்பதரைக்கு. அதற்குப் பிறகு வந்த அத்தனை 'இருக்கேன்'களும் பாலம் சொன்னவை.

அந்த வரியை அழித்தாள்.

பொலபொலவென்று புள்ளிகள் சிவந்தன. சைரன் கூரையைப் பிய்த்தது. டெஸ்மண்ட் கையில் பீங்கான் கோப்பையுடன் ஓடி வந்தான்.

"பைத்தியமா உனக்கு? முன்ன இருந்தபடி போடு!"

"கோலின் காலையிலேருந்து பேசல, டெஸ்."

"பச்சையாத்தானே இருந்துது?"

நோரா கூராலி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மற்ற சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. மந்தப் பெட்டிகள், மெதுவாக, நிஜமாக. ஒன்று மட்டும் திரும்பவில்லை. ரேலீன் வண்டியைக் கிளப்பிவிட்டாள். விமான ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. நோரா ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். வெளியே நாற்பத்து நாலு டிகிரி. தார்ச் சாலை உருகி மினுங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மேல் போன் அடித்தது. ரேலீனின் வண்டியில் இருக்கும் சாட்டிலைட் போன். டெஸ்மண்ட் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"கிடைச்சிட்டான்," என்றாள் ரேலீன். குரல் தட்டையாக இருந்தது. "பைக் இடுப்பு மேல கிடக்கு. பெட்டி நொறுங்கிப் போச்சு."

"மூச்சு?" என்றாள் நோரா.

"இல்ல. உடம்பு சூடா இருக்கு. வெயில் சூடா, அவன் சூடான்னு தெரியல கண்ணு."

போனுக்குள் காற்று இரைந்தது.

"ஒண்ணு கேக்கணும். பெட்டி நொறுங்கிக் கிடக்கு. ஆனா நீ பச்சைன்னு சொன்னே. அப்ப யாரு பதில் சொன்னது?"

டெஸ்மண்ட் நோராவின் மணிக்கட்டைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். 'வக்கீல்' என்று உதடு மட்டும் அசைந்தது.

நோரா கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான்தான். பெட்டி பேசலைன்னா அதுக்குப் பதிலா சொல்லச் சொல்லி நான் எழுதி வச்சிருந்தேன். சைரன் கத்தாம இருக்கறதுக்கு."

மறுமுனையில் வண்டிக் கதவு திறக்கும் ஓசை. சரளைக்கல்லில் நடக்கும் ஓசை.

"தொப்பியைக் கழட்டி மூஞ்சிக்கு மறைப்பா வச்சிருக்கான்," என்றாள் கடைசியில். "மேற்குப் பக்கமா. கல்லை முட்டுக் குடுத்து, விழாம."

"ரேலீன்..."

"கோடைக்குக் கடியாரத்தைத் தள்ளி வச்ச இந்த மாசத்துல ஒண்ணரைக்கு மேலதான் வெயில் மேற்கால சாயும், கண்ணு. நான் உனக்கு போன் பண்ணினப்புறம்."