படம் இல்லாமல் ஒரு முறை

இரண்டு ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் ஒலியளவையும் சமமாக வைக்காமல் ஒப்பிடக் கூடாது என்று அவர் சொன்னதும், கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலி அளக்கும் கருவியைத் தேடப் போனார். தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் வேலையில் இருப்பவருக்கு அது நியாயமாகவே பட்டது. சற்று உரக்க ஒலிப்பதைக் காது நல்லதென்று நம்பிவிடும். தட்டில் விரல் வைத்து நிறுப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

வீட்டிலிருக்கும் பழைய ரிசீவரில் வசனம் புரிவதில்லை என்று மனைவி சொல்லிவந்தாள். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவர் படம் பார்க்க உட்கார்ந்தால், துணி மடிக்க வேண்டும் என்று உள்ளே போய்விடுவாள். சோபாவில் அவளுடைய பக்கம் காலியாகக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. புது ரிசீவர் வந்தால் அவளும் வந்து உட்காருவாள் என்று கணக்கிட்டிருந்தார்.

முதலில் கறுப்பு ரிசீவர். திரையில், ரயில் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்த அக்காவும் தங்கையும் தணிந்த குரலில் சண்டையிட்டார்கள்.

“ஒவ்வொரு வார்த்தையும் புரியுதுங்க. அக்காக்காரி வீட்டை விக்க மாட்டேங்குறா” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

அடுத்து வெள்ளி நிற ரிசீவரில் அதே காட்சி.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஏதாவது ஒண்ணை எடுங்க. கடையிலயும் தராசைத் தூக்கணுமா?”

“மேடமே தீர்ப்பு சொல்லிட்டாங்க. பில் போட்டுடவா சார்?” என்றார் கடைக்காரர்.

“இருங்க. வேற சீன் வைங்க. படத்தை அணைச்சிட்டுச் சத்தம் மட்டும் வரட்டும். கண்ணு வேலை செஞ்சா காது சோம்பேறியாயிடும்.”

திரை இருண்டது. பூனைக்குப் பயந்து மேசைமேல் ஏறிய கதையைத் தங்கை சொல்ல, அக்கா சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். கடைக்காரர் முகத்தைப் பார்த்த பிறகே மனைவி சிரித்தாள்.

“என்ன சொல்றா தங்கச்சி?” என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

அவள் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். “என்னத்த சொல்லுவா? அதே வீட்டுச் சண்டைதான்.”

 சமையலறையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டவற்றுக்கெல்லாம் பதில் வராத மாலைகள் அவருக்கு நினைவுக்கு வந்தன. “காது கேக்கலையா, இல்ல நடிக்கிறியா?” என்று கடிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தது.

“சில்வர்ல கொஞ்சம் மந்தமா வருதோ சார்?” என்றார் கடைக்காரர்.

“மிஷின்ல கோளாறு இல்லை.”

அதைச் சொன்னபோது அவள் தம் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“படத்தைப் போடுங்க” என்றார்.

திரை ஒளிர்ந்தது. அவர் நாற்காலியை இழுத்து, திரைக்கு முதுகு காட்டி, அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தில் ரயிலின் வெளிச்சம் ஓடியது. பேசுகிறவளின் வாயிலிருந்து மற்றவளின் வாய்க்கு, தராசு முள்ளைப் போல அவள் கண்கள் போய்வந்தன. பிறகு அவை அவர் உதடுகளுக்கு வந்து நின்றன. அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.