வடக்குப் புள்ளி

"மார்ல ஏதோ பண்ணுதும்மா," என்றார் கணவர். அதோடு பேச்சு நின்றது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் வேலை பார்ப்பது செல்போன் நிறுவனத்தில். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து, ஒரு போன் எந்த டவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் பிரிவு. பக்கத்து மேசைக்காரனை அவன் உயரத்துக்காக எல்லோரும் கோபுரம் என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஆம்புலன்சை அழைத்துக்கொண்டே என் கணவரின் எண்ணைக் கணினியில் தட்டினான்.

மூன்று டவர்கள் கிடைத்தால் இடம் ஒன்றுதான். அன்று இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவது பழுதுபார்ப்பில் இருந்தது. திரையில் இரண்டு வட்டங்கள், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. வடக்கே என் நாத்தனார் வீட்டுத் தெரு. தெற்கே ஏரிக்கரைப் பூங்கா.

"ஒரு வண்டிதான் இருக்காம்க்கா. எங்க அனுப்பச் சொல்ல?"

காலையில்தான் சண்டை. சண்டை என்றால் அவருக்குப் போக்கிடம் அக்கா வீடு; அங்கே என் தலை உருளும். நாத்தனாரை அழைத்தேன். எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்தேன்.

"வடக்கு. அக்கா முந்தானையைப் புடிச்சிட்டு அங்கதான் உக்காந்திருப்பாரு."

"பாதிக்குப் பாதிதான்க்கா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருபது வருஷம் குடித்தனம் பண்ணவ சொல்றேன். அனுப்பு."

வீடு பூட்டியிருப்பதாக டிரைவர் சொன்ன பிறகுதான் வண்டி தெற்கே திரும்பியது. நானும் கோபுரமும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நாத்தனார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பல் டாக்டர்கிட்ட இருந்தேன், போன் பையில கிடந்துச்சு. பூங்காவுல இருந்தானாமே?"

"அங்க ஏன் போனாரு அண்ணி? உங்க வீட்டுக்குத்தானே வருவாரு?"

"அதெல்லாம் விட்டு ஒரு வருஷமாச்சே. 'அவளப் பத்தி உங்கிட்டப் பேசறது நல்லால்லக்கா, கோவம் தணியிற வரைக்கும் ஏரிக்கரையில உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடறேன்'னு சொன்னான். உங்கிட்ட சொல்லலையா?"



"டவர் பழுதும்மா," என்று கோபுரம் முந்திக்கொண்டான். "அதான் லேட்டாயிடுச்சு."

"இல்ல அண்ணி," என்றேன். "ரெண்டு இடம் காட்டுச்சு. நான்தான் உங்க வீட்டைச் சொன்னேன்."

அவர் என் கையை விட்டார்.

"எவ்வளவு நேரம் போச்சு?"

"பதினெட்டு நிமிஷம்."